ஆறு அங்குலச் சக்

பாரிசவாதத்தில் விழுந்து எழும்பிய முத்துலிங்கம் திரும்பவும் பட்டறையைத் திறந்த முதல் நாளே, பத்து அங்குலச் சக் கீழே விழுந்தது.

கிராண்ட்பாஸில், ஓட்டோ ஒன்று சிரமப்பட்டுத் திரும்பக்கூடிய ஒழுங்கை ஒன்றுக்குள் இருந்தது அந்தப் பட்டறை. இரும்பு கடைகிற ஒரு லேத் மெசின், ஒரு துளை போடும் மெசின், ஒரு நீள மேசை, அவ்வளவுதான். பக்கத்தில் நிலாமின் வெல்டிங் கடை. முத்துலிங்கம் வேலையாள் வைத்துக்கொண்டவரல்ல. தனியாக நின்று வேலை செய்து பழகிவிட்டார். அவருடைய மனைவி கௌரி கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்து ஓய்வுபெற்றவள். இவ்வளவு காலத்தில் அவள் அந்த ஒழுங்கைக்கு வந்தது கைவிரல்களில் எண்ணக்கூடிய தடவைகள்தான். வெள்ளவத்தை வீட்டில், எத்தனை முறை தோய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறையாக மட்டுமே அவளுக்குப் பட்டறையைத் தெரியும்.

ஆஸ்பத்திரியால் வந்து சில மாதங்களில் அவருக்குப் பேச்சுத் திரும்பியது. வலது கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்க வந்தது. வலது கைதான் பிந்தியது. கரண்டி பிடிப்பார், கதவு திறப்பார், ஆனால் எதையும் இரண்டு தரம் யோசித்துச் செய்வதுபோல அந்தக் கை நகரும். பாரமில்லாத வேலை செய்யலாம் என்று டொக்டர் சொன்ன அன்றே அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு நின்றார்.

"தனிய விடமாட்டன், நானும் வாறன்" என்றாள் கௌரி.

"வந்து என்ன செய்யப்போறீர்?"

"சும்மா இருக்கிறன். ஒரு கதிரை இருக்கும்தானே."

சக் என்பது லேத்தின் பிடி. சுழலும் தண்டின் முனையில் பூட்டியிருக்கும் தடித்த இரும்பு வட்டம். அதன் முகத்தில் மூன்று தாடைகள் இருக்கும். பட்டறைக்காரர் அவற்றை ஜோ என்பார்கள். பக்கத்துத் துவாரத்தில் சாவியை விட்டுத் திருகினால் மூன்றும் ஒன்றாக நடுவை நோக்கி நகர்ந்து, கடைய வேண்டிய இரும்பைக் கவ்விக்கொள்ளும். மாதக்கணக்காக ஓடாமல் கிடந்ததில் அந்தத் தாடைகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும் என்றார் முத்துலிங்கம்.

நிலாம் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன், நான் பிடிக்கட்டா?"

"வேண்டாம் நிலாம். இதை நான் எத்தினை தரம் கழட்டினனான்."

உண்மைதான். சுகமாயிருந்த காலத்தில் அவர் அந்தச் சக்கை மரையில் இருந்து கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல வயிற்றோடு அணைத்து மேசைக்குக் கொண்டுபோவார். இப்போதும் அப்படித்தான் அணைத்தார். கடைசி மரை விட்டதும் பாரம் முழுவதும் கைகளுக்கு வந்தது. இடது கை தாங்கியது. வலது கை நனைந்த துணிபோல மடிந்தது. சக் மெசினின் மேல்தளத்தில் அடித்து, உருண்டு, சீமெந்துத் தரையில் விழுந்தது. ஒழுங்கை அதிர்ந்தது. எழுந்து ஓடிவந்த கௌரி அவருடைய பாதங்களைத்தான் முதலில் பார்த்தாள். நல்லவேளை, பாதங்களுக்கு ஒன்றுமில்லை.

சக்கின் உடம்பில் ஒரு தாடை ஓடும் தடத்தில் இருந்து ஓரம் வரை வெடிப்பு ஓடியிருந்தது. நிலாம் குந்தியிருந்து விரலால் தடவிப் பார்த்து, "இது இனிச் சரிவராது அண்ணன்" என்றான். முத்துலிங்கம் சக்கைப் பார்க்கவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை இருவரும் பழைய சோனகத் தெருவுக்குப் புதுச் சக் எடுக்கப் போனார்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் கைவண்டி தள்ளிக்கொண்டு போகிற அந்த நெரிசலில் கௌரி அவருடைய இடது பக்கமாக, தொடாமல், ஆனால் தொடக்கூடிய தூரத்தில் நடந்தாள். கடைக்காரர் ஷிப்லி பழைய பழக்கம். முத்துலிங்கத்தைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"எங்க அண்ணன் கனகாலமாக் காணல்ல? செல்லுங்க, என்ன வேணும்?"

"பத்து இஞ்சிச் சக் ஒண்டு. மூண்டு ஜோ."

"பத்தும் ஈக்கி, எட்டும் ஈக்கி, ஆறும் ஈக்கி" என்று உள்ளே திரும்பிய ஷிப்லியைக் கௌரியின் குரல் நிறுத்தியது.

"பத்தின்ரை பாரம் எவ்வளவு?"

ஷிப்லி சிரித்துக்கொண்டே பத்து அங்குலச் சக்கைக் காட்டினார். அது நிலத்தில் ஒரு மரப்பலகையில் இருந்தது. மேசைக்கு எடுத்துவைக்க அவரே இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்றார். அதற்குப் பக்கத்தில் எட்டு, அதற்கு அங்கால் ஆறு. கௌரி குனிந்து ஆறை இரண்டு கையாலும் தூக்கினாள். கொஞ்சம் பாரம்தான், ஆனால் தூக்க முடிந்தது. பிறகு ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இது காணும்" என்றாள்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்" என்றார் முத்துலிங்கம் மெல்ல. "கொச்சிக்கடைப் பக்கத்து போட்காரர் எஞ்சின் தண்டு பூட்டிற கப்ளிங் கொண்டருவினம். மில்லுகளின்ரை பெல்ட் ஓடுற புலி வரும். அதையெல்லாம் இதிலை பிடிக்கேலுமே?"

ஷிப்லியும் சொன்னார். "அக்கா, பாரத்தப் பார்த்துச் சக் எடுக்கிறல்ல. என்ன சாமான் பிடிக்கப் போறீங்க, ஒங்கட மெசின் என்ன தாங்கும், அதுக்குத்தான் சக். சின்னதுல பெரிசப் பிடிச்சா ஜோ வெளிய நீட்டிக்கொண்டு வரும். அது சரியான டேஞ்சர்."

வியாபாரிகள் எப்போதும் பெரியதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள் என்று கௌரி நினைத்தாள். இந்த மனிதருக்குத் தங்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது என்றும் நினைத்தாள். சட்டைப் பொத்தானைப் பூட்டுவதற்குப் பட்ட பாடு, அவர் குளியலறையில் விழுந்து கிடந்த அந்தக் காலைப்பொழுது, போன கிழமை சீமெந்துத் தரையில் அந்தச் சத்தம். கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அதையும் அவள் பார்க்கவில்லை.

"இவருக்கு வலது கை வராது. பாரிசவாதம். ஒரு சக்கைத் தூக்கி விழுத்தித்தான் இஞ்சை வந்து நிக்கிறம். இன்னொருக்கா விழுந்தால் காலிலை விழும்."

நின்றவர்கள் முத்துலிங்கத்தின் கையைப் பார்த்தார்கள். பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பினார்கள். ஷிப்லி, "அல்லாஹ், எனக்குத் தெரியாதே அண்ணன்" என்று அருகே வந்தார்.

முத்துலிங்கம் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்.

"ஆறைத் தாங்கோ" என்றார். "மெசினுக்குப் பொருந்திற பின்தட்டோடை."

வெள்ளவத்தைக்குத் திரும்பிய பஸ்ஸில் அவர் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கௌரிக்கும் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டது தெரிந்தது. ஆனால் அவருடைய மடியில் சக் இருந்தது. அது சின்னதாக இருந்தது. காலில் விழாது. அந்த நிம்மதியில் மற்றதை அவள் ஒதுக்கி வைத்தாள்.

அதன் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள் என்றுதான் அவள் எண்ணினாள். முத்துலிங்கம் சின்ன வேலைகள் எடுத்தார். தையல் மெசினுக்கு ஒரு ஊசித்தண்டு, ஓட்டோக்களுக்குப் புஷ் வளையம், யாரோ ஒருவரின் தண்ணீர்ப் பம்பிக்கு ஒரு முனை. சக்கைக் கழற்றுவதும் பூட்டுவதும் அவரால் முடிந்தது. கௌரி கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பாள், இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளுவாள், அவர் கேட்கும் வெட்டுளியை எடுத்துக் கொடுப்பாள். சில சாமான்கள் மட்டும் சில நேரம் கடைசலின் நடுவில் ஆடி நின்றுவிடும். அவர் மெசினை நிற்பாட்டி, மறுபடி சாவியை விட்டு இறுக்குவார். பழைய மெசின் அப்படித்தான் போலும் என்று அவள் விட்டுவிட்டாள்.

நோன்பு வரப்போகிற காலம். ஒருநாள் முற்பகல் கொட்டாஞ்சேனையில் அரைக்கும் மில் வைத்திருக்கும் ஜவாத் சாக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது மில் மெசினின் புலி, பெல்ட் ஓடுகிற வார்ப்பிரும்புச் சக்கரம். ஏழு அங்குலம் குறுக்களவு. பழைய மோட்டர் எரிந்துபோய், புது மோட்டர் வாங்கியிருந்தார். புதியதின் தண்டு தடிப்பு. புலியின் நடுத்துளையைப் பெருப்பித்தால்தான் பூட்டலாம்.

"அண்ணன், நோன்புக்கு முந்தி ஆக்களெல்லாம் மாவுக்கும் தூளுக்கும் வந்து நிக்கிறாங்க. மில் ஓடாம பூட்டிக் கெடக்கு. ஒங்கள விட்டா நான் எங்க போக?"

முத்துலிங்கம் புலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேலை வைத்து அளந்தார். பிறகு சக்கைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கௌரிக்குத் தெரிந்தது. அவள்தான் முந்திக்கொண்டாள்.

"செய்து குடுங்கோவன், பாவம். அந்த மனிசன் உங்களை நம்பித்தானே வந்திருக்கிறார்."

அவருக்கு மதிப்புக் கிடைக்கிற ஒரு வேலை வந்திருக்கிறது என்ற சந்தோசத்தில் சொன்னாள். அவர் அவளை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று பிறகு கனநாள் அவள் யோசித்திருக்கிறாள்.

"பின்னேரம் வாங்கோ ஜவாத்" என்றார்.

ஜவாத் போனபின் அவர் தாடைகளைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டார். பெரிய வட்டங்களை வெளியால் பிடிப்பதற்கு அப்படித்தான் செய்வார்கள். பிறகு சாவியால் அகட்டினார். தாடைகள் சக்கின் ஓரத்தைத் தாண்டி, ஏழு அங்குலப் புலிக்கு இடம் விடும் மட்டும், மூன்று பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தன. சக்கின் உள்ளே அவற்றைப் பிடித்திருந்தது மரையின் ஓரிரண்டு பல்லாகத்தான் இருக்கும். புலியை வைத்து இறுக்கினார். இடது கையையும் சேர்த்து இன்னொருமுறை இறுக்கினார். சாவியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நீட்டிக்கொண்டிருந்த தாடைகளைக் கௌரியும் கண்டாள். ஷிப்லி சொன்னது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. ஆனால் இவருக்குத் தெரியாததா என்று நினைத்தாள்.

"கௌரி, அங்காலை போய் நில்லும். சுவிச்சுக்குப் பக்கத்திலை."

அவள் போய் நின்றாள். மெசின் மெல்லத்தான் ஓடியது. புலி நேராகச் சுற்றியது. வெட்டுளி துளைக்குள் போய், கறுத்த தூள் கொட்டத் தொடங்கியது. ஒரு வெட்டு முடிந்தது. முகம் தெளிந்து, அவர் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லப் போனார். இரண்டாம் வெட்டில் ஒரு அடி விழுந்த சத்தம் கேட்டது. புலி இருந்த இடத்தில் இல்லை. அது மெசின் தளத்தில் அடித்து, எதிர்ச் சுவர்த் தகரத்தில் மோதி உடைந்து, ஒரு பெரிய துண்டு திரும்பி வந்தது.

கௌரிக்கு முதலில் நோகவில்லை. தன் இடது கை முழங்கைக்குக் கீழே, இருக்கக்கூடாத ஒரு இடத்தில் வளைந்திருந்ததைத்தான் பார்த்தாள். மெசின் வெறும் தாடைகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. முத்துலிங்கம் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார். வருகிற வழியில் கால் இழுபட்டு மேசையில் மோதினார். அவருடைய கை சுவிச்சைத் தேடியது. வலது கை. அது சுவிச்சைத் தட்டாமல் சுவரில் வழுக்கியது. கடைசியில் கௌரியே நல்ல கையால் சுவிச்சை நிற்பாட்டினாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள்.

நிலாம் வெல்டிங் கண்ணாடியோடு ஓடிவந்தான். ஓட்டோ பிடித்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க முத்துலிங்கம் அவளுடைய தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார்.

முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கைக்குப் பிளாஸ்டர் பத்துப் போட்டு அனுப்பினார்கள். விசயம் கேள்விப்பட்ட ஜவாத் அன்று மாலையே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றார். முத்துலிங்கம் அவரைக் கண்டதும், "உங்கடை புலி உடைஞ்சுபோச்சு, ஜவாத்" என்றார்.

"புலி போனாப் போகட்டும் அண்ணன். அக்காக்கு உசிரு ஈக்கே, அது போதும்" என்றார் ஜவாத். கடைசியில் யாரோ ஒருவரின் பழைய மோட்டரை இரவலுக்கு வாங்கி மில்லை ஓட்டியதாகப் பிறகு தெரிந்தது.

அதன் பிறகு வீட்டில் எல்லாம் தலைகீழானது. இவ்வளவு நாளும் அவரைப் பார்த்தவள் அவள், இப்போது அவளைப் பார்க்க அவர். இடது கையால் சோறு வடித்தார். தேங்காயைக் கீழ்வீட்டில் கொடுத்துத் துருவிக்கொண்டு வந்தார். கனடாவில் இருந்த மகள் சாம்பவி ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். "அந்த மெசினை வித்துப்போட்டு ரெண்டு பேரும் வீட்டிலை இருங்கோ" என்று அழுதாள். அவர் "ஓம், ஓம்" என்றார். ஆனால் பட்டறைப் பக்கம் போகவுமில்லை, விற்கிற கதை எடுக்கவுமில்லை.

ஒருநாள் காலை கௌரி தலை முழுகிவிட்டு முடி கட்ட முடியாமல் பல்கனியில் இருந்தாள். கடற்கரை ரயில் போகிற சத்தம் கேட்டு அடங்கியது. முத்துலிங்கம் வந்து அவளுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருந்தார். வலது கையால் முடியைச் சேர்த்துப் பிடித்து, இடது கையால் சீப்பை எடுத்தார். கொஞ்ச நேரம் சீவினார். முடி அவருடைய பிடியில் இருந்து நழுவித் தோளெல்லாம் கொட்டியது கௌரிக்குத் தெரிந்தது. ஆனால் அவர் இன்னும் பிடித்திருப்பதாக நினைத்தே சீவிக்கொண்டிருந்தார். சீப்பு வெறுங்காற்றில் ஒருமுறை போய் வந்தது. பிறகு நின்றது.

"விட்டிட்டனே?" என்று கேட்டார்.

"ஓம்."

அவர் சீப்பை மடியில் வைத்தார்.

"இதுதான், கௌரி. எனக்குப் பிடிச்சிருக்கிறதும் தெரியுதில்லை, விட்டதும் தெரியுதில்லை. பெலம் கொஞ்சம் வந்திட்டுது. உணர்ச்சிதான் வரேல்லை. சக்கை இறுக்கேக்கை எங்கை நிற்பாட்ட வேணும் எண்டு கைக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. இப்ப என்ரை கை ஒண்டும் சொல்லுதில்லை. சின்னச் சாமானுகள் ஆடினதைக் கண்டனீர்தானே? இறுகிட்டுது எண்டு நினைச்சு விட்டதுதான் எல்லாம்."

கௌரி திரும்பிப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கடையிலை வைச்சு எல்லாருக்கும் முன்னாலை நீர் சொன்னீர், இவருக்குக் கை வராது எண்டு. அதுக்கு மேலை நானும் ஒண்டு சொல்லுறதோ?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அது அவளுக்குள் இறங்கியது. பத்துப் போட்ட கை பாரமாக மடியில் கிடந்தது. அதைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"நான்தான் ஆறு எண்டனான். காலிலை விழக்கூடாது எண்டு மட்டும் யோசிச்சன். அது என்னத்தைப் பிடிக்கும், பிடிக்காது எண்டு யோசிக்கேல்லை. அந்தக் கடைக்காரர் சொல்லியும் கேக்கேல்லை."

"ஆறிலை ஏழைப் பிடிச்சது நான். ஜோ எவ்வளவு வெளியாலை வந்தது எண்டு எனக்குத் தெரியும். உம்மைத் தள்ளி நிக்கச் சொன்னதும் அதாலைதான்."

"அப்ப ஏலாது எண்டு ஜவாத்துக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார். கண்ணைத் துடைத்தார். "வாய் வரேல்லை, கௌரி."

அவர் அழுததை அவள் அதற்கு முன் கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சு வராமல் கிடந்தபோதுகூட அழவில்லை. அவள் நல்ல கையால் அவருடைய வலது கையை எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, அவள் கேட்கவில்லை.

பத்து வெட்டிய பிறகு மெசினை விற்கிற கதையை அவர்தான் எடுத்தார். வத்தளையில் ஒருவர் கேட்கிறார் என்றார். கௌரி இரண்டு மூன்று நாள் யோசித்தாள். அவர் காலையில் எழுந்து, முகம் கழுவி, போக இடமில்லாமல் பல்கனியில் நிற்பதைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் போயிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் இன்னும் உடம்பு விறைத்தது. ஆனாலும் ஒருநாள் கேட்டாள்:

"சாவியைக் கடைசியா இறுக்கிறதை நான் செய்தால் சரிவராதோ?"

அவர் அவளைப் பார்த்தார்.

"என்ரை வலது கைக்கு ஒண்டுமில்லைதானே. எங்கை நிற்பாட்ட வேணும் எண்டு சொல்லித் தாங்கோ. ஆனால் சக் மாத்த வேணும். எது சரியெண்டு நீங்கள் சொல்லுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்."

பழைய சோனகத் தெருவில் ஷிப்லி இந்த முறை எழுந்து வந்து கௌரியின் மெலிந்துபோன இடது கையைப் பார்த்துத் துக்கப்பட்டார். முத்துலிங்கம் கதிரையில் இருக்கவில்லை. மேசையோடு நின்று, வலது கையை அதன்மேல் வைத்து, தானே சொன்னார்.

"ஷிப்லி, இந்தக் கையிலை உணர்ச்சி குறைவு. பாரமும் தூக்கேலாது. ஆறிலை பெரிசைப் பிடிச்சு இவவின்ரை கையை முறிச்சுப்போட்டன். இப்ப எனக்குச் சரியான சைஸ் ஒண்டு வேணும்."

ஷிப்லி பகிடி விடவில்லை. வழமையாக என்ன சாமான் வரும் என்று கேட்டார். முத்துலிங்கம் யோசித்து யோசித்துச் சொன்னார். பெரும்பாலும் புஷ், தண்டு, இடைக்கிடை ஆறு, ஏழு அங்குலப் புலி. போட்காரரின் பெரிய கப்ளிங் வருசத்தில் சில தடவைகள். சொல்லச் சொல்ல அந்தச் சில தடவைகளைத்தான் தான் இவ்வளவு காலமும் தன்னுடைய தொழிலென்று நினைத்திருந்தது அவருக்கே விளங்கியதுபோல, குரல் இறங்கியது.

"அப்ப எட்டுதான் அண்ணன்" என்றார் ஷிப்லி. "வார சாமான் முக்காவாசியும் அதுக்குள்ள நிக்கும், ஜோ வெளிய வராது. பத்தப் போட்டா சும்மா பாரம். ஒங்கட மெசின்ட பெயரிங்குக்கும் கூடாது, வேகமாவும் ஓட்ட ஏலா. எட்டுக்கு மேல வந்தா மட்டும் எடுக்க வாணாம்."

முத்துலிங்கம் தலையாட்டினார். கௌரி கைப்பையில் இருந்து காசை எடுத்தாள்.

எட்டும் அவரால் தனியாகத் தூக்கக்கூடியதல்ல. பட்டறைக்குக் கொண்டுபோன அன்று அவர் ஒழுங்கையில் இறங்கி, நிலாமின் கடை வாசலில் போய் நின்றார். அவர் அப்படிப் போய் நின்றதை நிலாமும் அதுவரை கண்டிருக்கமாட்டான்.

"நிலாம், ஒரு உதவி வேணும்."

நிலாம் மெசினுக்கு மேலே சுவரில், இரண்டு பக்கமும் திரும்பக்கூடிய ஒரு இரும்புச் சட்டத்தைப் பூட்டி, அதில் சங்கிலிக் கப்பி தொங்கவிட்டுக் கொடுத்தான். சக்கைக் கொழுவி இழுத்தால் பாரம் கப்பிக்குப் போகும். கீழே வைப்பதற்கு ஒரு மரத்தட்டும் செய்தார்கள். கௌரிக்குச் சாவி பிடிக்கப் பழக ஒரு கிழமை போனது. முதல் நாட்களில் அவள் பயத்தில் அளவுக்கு மிஞ்சி இறுக்கி, மெல்லிய குழாயொன்றை நெளித்துவிட்டாள். "இரும்புக்கும் நோகும்" என்றார் முத்துலிங்கம். மெல்லியதைப் பிடிக்கும்போது சாவி எங்கே தயங்குகிறது, தடித்ததைப் பிடிக்கும்போது எங்கே நிற்கிறது என்று அவள் கேட்டுக் கேட்டுப் பழகினாள். இறுக்கி முடிந்ததும் இருவரும் தள்ளி நிற்பார்கள். அவர் மெல்ல ஓட்டி, நிற்பாட்டி, அவளை இன்னொருமுறை இறுக்கச் சொல்லுவார். அதன் பிறகுதான் வெட்டு. வேலை முன்னைப்போல வேகமாக நடக்கவில்லை. சிலர் பொறுமையில்லாமல் வேறிடம் போனார்கள்.

ஜவாத் வந்தார், ஒரு புதுப் புலியோடு. கௌரி சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப மேசையில் வைத்தாள். முத்துலிங்கம் மெசினைத் தொடாமல், அவள் அதை மறுபடி எடுக்கும் வரை காத்திருந்தார். மூன்று தாடைகளும் சக்கின் உடம்புக்குள் அடங்கி நின்றன. துளை சரியாக வந்தது. ஜவாத் போன பிறகு கௌரி வெளியே போய்க் கொஞ்ச நேரம் ஒழுங்கையில் நின்றுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில், கொச்சிக்கடையில் இருந்து போட் எஞ்சின் வேலை செய்கிற ஒருவர் ஓட்டோவில் வந்தார். இரண்டு பேராகத் தூக்கி இறக்கினார்கள். பெரிய கப்ளிங், ஒன்பது அங்குலத்துக்குக் குறையாது. அவர் முத்துலிங்கத்தின் பழைய வாடிக்கை. சுகம் விசாரித்தார். "அண்ணை செய்தால்தான் எனக்குத் திருப்தி. கனநாளா உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

முத்துலிங்கம் கப்ளிங்குக்குக் கிட்டப் போனார். இடது கையால் அதன் ஓரத்தைச் சுற்றித் தடவினார். அந்த மாதிரி ஒரு சாமானை அவர் எவ்வளவு காலமாகக் கையால் தொடவில்லை என்று கௌரி நினைத்தாள். வந்தவரும் அவரும் மட்டுமே கதைக்கட்டும் என்று வெட்டுளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ரை மெசினிலை ஏலாது, தம்பி."

"என்ன அண்ணை, இதைவிடப் பெரிசெல்லாம் செய்து தந்தனீங்கள்."

"அப்ப செய்தனான். இப்ப என்னட்டை இருக்கிறது எட்டு இஞ்சிச் சக். இது அதிலை நிக்காது."

வந்தவர் ஒருதரம் கௌரியைப் பார்த்தார், ஒருதரம் மெசினைப் பார்த்தார். பிறகு ஓட்டோக்காரரைக் கூப்பிட்டுக் கப்ளிங்கைத் திரும்ப ஏற்றினார். முத்துலிங்கம் வாசலில் நின்றார். மழைத்தூறல் அவருடைய சேட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டோ திரும்புவதற்குப் பின்னால் போய் முன்னால் வந்தபோது, அவர் காலை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினார். கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"தம்பி, எங்கை குடுத்தாலும் முதலிலை சக்கைப் பாரும். ஜோ சக்குக்கு வெளியாலை நீட்டிக்கொண்டு நிண்டால் செய்ய விடாதையும். நீர் பாத்துக்கொண்டு பக்கத்திலை நிக்கவும் வேண்டாம். சரியே? மறந்துபோகாதையும்."

"ஓம் அண்ணை" என்றது உள்ளிருந்து குரல்.

ஓட்டோ போன பிறகும் அவர் மழைக்குள் நின்றார். கௌரி குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.